ஓட்டுபவருக்கும் சுகம், பின்னால் அமர்பவருக்கும் சுகம்: சென்னைக் குடும்பத்துக்குக் கார் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

கத்திப்பாரா மேம்பாலத்தின் வளையத்தில் சுற்றி இறங்கும்போது கார் சாயாமல், ஸ்டீயரிங் கையில் சீராக நின்றால் எனக்கு அன்றைய நாளே நன்றாக இருக்கும். என் முதல் கார் அப்படித்தான் நின்றது. ஆனால் அதே வளையத்தில் பின் இருக்கையில் அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு, கதவின் மேல் கைப்பிடியைப் பற்றியபடி, "மெதுவாகப் போ, கண்ணா" என்பார். வேகம் முப்பதைத் தாண்டியிருக்காது. குண்டும் குழியும் அப்படியே முதுகெலும்பில் ஏறும் இறுக்கமான கார் அது. நான் தனியாகப் போய் ஓட்டிப் பார்த்து, தனியாகவே முடிவு செய்து வாங்கினேன். மூன்று ஆண்டுகளில் விற்றுவிட்டேன்.

அடுத்த காரை வாங்க ஆறு மாதம் எடுத்துக்கொண்டேன். அந்த ஆறு மாதத்தில் கற்றதையும், பிறகு உறவினர்களுடன் ஷோரூம் ஷோரூமாகப் போய்த் தெரிந்துகொண்டதையும் இங்கே வரிசையாகத் தருகிறேன். "ஓட்ட இன்பமான கார் வேண்டுமா, குடும்பக் கார் வேண்டுமா?" என்றுதான் ஷோரூமில் முதலில் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குள் போகாதீர்கள். சென்னைச் சாலையில் ஓட்டுபவருக்கு இனிக்கும் குணங்களில் பெரும்பாலானவை பின்னால் அமரும் பாட்டிக்கும் பேரனுக்கும் வேண்டிய குணங்களே.

முதல் படி: ஒரு மாதப் பயணங்களை எழுதுங்கள்

எந்தக் காரையும் பார்ப்பதற்கு முன் ஒரு நோட்டில் ஒரு மாதம் எழுதுங்கள். யார் யார் ஏறினார்கள், எங்கே போனீர்கள், எந்த நேரம், என்ன சாமான். எங்கள் நோட்டில் கிடைத்த கணக்கு இது: முப்பது நாளில் ஐந்து பேர் சேர்ந்து ஏறியது நான்கே முறை. நான் தனியாக அலுவலகம் போனது இருபத்திரண்டு நாள். வெளியூர் ஒரே ஒருமுறை.

"குடும்பம் பெரிது, ஏழு இருக்கை வேண்டும்" என்று நினைத்திருந்த எனக்கு அந்தக் கணக்கு உதவியது. ஏழு இருக்கைக் காரில் மூன்றாம் வரிசையை நிமிர்த்தி வைத்தால் டிக்கியில் மிஞ்சுவது மிகக் குறைவு. மாருதி எர்டிகாவில் 209 லிட்டர், கியா கேரன்ஸில் 216 லிட்டர். ஏழு பேர் ஏறும் நாளில் ஏழு பேரின் பெட்டிகள் ஏறாது. ஆண்டுக்கு நான்கு முறை மட்டும் ஏழு பேர் போகிறீர்கள் என்றால் அந்த நான்கு முறை வாடகை வண்டி எடுப்பது மேல். வாரம்தோறும் ஆறு பேர் ஏறும் கூட்டுக் குடும்பம் என்றால் தயங்காமல் ஏழு இருக்கைக்கே போங்கள்.

இரண்டாம் படி: அளவு டேப்புடன் வாசலுக்கு இறங்குங்கள்

பல அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒரு காருக்கான இடம் 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். காகிதத்தில் இது தாராளம். 1.78 மீட்டர் அகலக் காரை நடுவில் நிறுத்தினால் இரு பக்கமும் சேர்த்து 72 சென்டிமீட்டர் மிஞ்சும். பக்கத்துக்கு 36. அதற்குள் கதவைத் திறந்து, குழந்தையைத் தூக்கி, குழந்தை இருக்கையில் வைத்து பெல்ட் போட வேண்டும். ஒரு பக்கம் தூண் இருந்தால் இன்னும் சிரமம். எங்கள் கட்டடத்தில் என் இடத்தின் இடப்புறம் தூண் நிற்கிறது. எந்தக் கதவை எவ்வளவு திறக்க முடியும் என்று தரையில் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்தேன். அந்த ஒரு கோட்டினால் பட்டியலிலிருந்து இரண்டு கார்கள் போயின.

தெரு முனை வளைவு, கேட்டின் அகலம், அடித்தளத்துக்கு இறங்கும் சரிவு, இயந்திர பார்க்கிங் என்றால் அதன் உயர வரம்பு, இவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி போன்ற பழைய பகுதிகளில் வீடு இருந்தால் நான்கு மீட்டருக்கு உட்பட்ட நீளமுள்ள கார் தினமும் நிம்மதி தரும். பெரிய காரை எடுத்துக்கொண்டு தெரு முனையில் ஆட்டோவுக்கு வழிவிடப் பின்னால் போய்க்கொண்டே இருந்தால் ஓட்டும் ஆசையே போய்விடும்.

மூன்றாம் படி: வரியைப் புரிந்துகொண்டு பட்ஜெட் போடுங்கள்

2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. வரி மாறியிருக்கிறது. நான்கு மீட்டருக்குள் நீளமும், பெட்ரோல் என்றால் 1200 சிசி, டீசல் என்றால் 1500 சிசிக்குள் எஞ்சினும் இருந்தால் 18 சதவீதம். அதைத் தாண்டினால் 40 சதவீதம். மின்சாரக் காருக்கு 5 சதவீதம். நான்கு மீட்டர் என்ற அந்தக் கோட்டுக்காகவே பல கார்களை 3,995 மி.மீ நீளத்தில் வெட்டி நிறுத்துகிறார்கள்.

தமிழ்நாட்டுச் சாலை வரி 2023 நவம்பரில் உயர்ந்தது. புதிய காருக்கு ஐந்து லட்சம் வரை 12 சதவீதம், பத்து லட்சம் வரை 13, இருபது லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. பத்து லட்சக் கோட்டை நன்றாகப் பாருங்கள். 9.9 லட்ச ரூபாய்க் காருக்கும் 10.1 லட்ச ரூபாய்க் காருக்கும் சாலை வரியில் மட்டும் ஐம்பதாயிரத்துக்கு மேல் வித்தியாசம் வரும். சன்ரூஃப் ஒன்றுக்காக அடுத்த வேரியன்ட்டுக்குத் தாவி இந்தக் கோட்டைக் கடப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சென்னை வெயிலில் சன்ரூஃப் ஆண்டில் எத்தனை நாள் திறக்கப்படும் என்று யோசியுங்கள். அந்தப் பணத்தில் நல்ல குழந்தை இருக்கையும், நான்கு ஆண்டு கழித்து நல்ல டயர்களும் வாங்கலாம்.

நான்காம் படி: ஓட்டும் இன்பம் எதில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியில் நிதானமாக நில்லுங்கள். ஓட்ட இன்பமான கார் என்றதும் எல்லோரும் பி.எஸ் கணக்குக்கு, அதாவது எஞ்சினின் குதிரைத்திறனுக்குப் போகிறார்கள். காலை ஒன்பது மணிக்கு ஆற்காடு சாலையில் 150 பி.எஸ் சக்தியை வைத்து என்ன செய்ய முடியும்? நம் ஊரில் ஓட்டும் நேரத்தில் பெரும்பகுதி மணிக்கு 15 முதல் 60 கிலோமீட்டருக்குள் கழிகிறது. அந்த வேகத்தில் கார் உங்களோடு எப்படிப் பேசுகிறது என்பதைப் பாருங்கள்.

ஸ்டீயரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். சிறிது திருப்பினால் சிறிது திரும்ப வேண்டும். நடுவில் கொஞ்ச தூரம் ஒன்றுமே நடக்காமல், பிறகு திடீரென்று மூக்கு திரும்பும் கார்கள் இருக்கின்றன. அப்படிப்பட்ட காரில் ஓட்டுபவர் ஒவ்வொரு வளைவிலும் இரண்டு முறை திருத்துவார். அந்தத் திருத்தல்தான் பின்னால் இருப்பவருக்கு வயிற்றைப் புரட்டும். பிரேக்கும் அப்படியே. மிதிக்கும் அளவுக்கு ஏற்பப் படிப்படியாகப் பிடிக்கும் பிரேக் இருந்தால், குறுக்கே பைக் வந்து நீங்கள் மிதிக்கும்போது தூங்கும் குழந்தையின் தலை முன்னால் விழாது.

அடுத்தது சஸ்பென்ஷன், அதாவது சக்கரங்களின் மேல் காரைத் தாங்கும் ஸ்பிரிங் அமைப்பு. மென்மையான கார் சொகுசு, இறுக்கமான கார் ஓட்ட நன்று என்பது பாதி உண்மை. கார் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியபின் எத்தனை முறை ஆடுகிறது என்று பாருங்கள். ஒருமுறை அமுங்கி, எழுந்து, அப்படியே நின்றுவிட்டால் அது நல்ல சஸ்பென்ஷன். படகு மாதிரி இரண்டு மூன்று முறை ஆடினால், ஷோரூம் வாசலில் எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் திண்டிவனம் போவதற்குள் பின்னால் எலுமிச்சம்பழம் கேட்பார்கள். மெதுவான, பெரிய ஆட்டம்தான் பயணக் குமட்டலுக்கு முக்கியக் காரணம். மாறாக, கார் அமுங்கவே மறுத்து "டக்" என்று அடித்தால் அது என் முதல் கார்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. 1999-இல் வந்த ஃபோர்டு ஐகான் மறைமலை நகரில் செய்யப்பட்டது. மிட்சுபிஷி லான்சர் திருவள்ளூரில் செய்யப்பட்டது. இரண்டிலும் குடும்பங்கள் ஊருக்குப் போயின, ஓட்டுபவர்களும் அவற்றை இன்றுவரை மறக்கவில்லை. இரண்டும் சாதாரண நான்கு கதவு செடான்கள்தாம்.

இன்னொன்றும் சேர்க்க வேண்டும்: உட்காரும் நிலை. ஸ்டீயரிங் முன்னும் பின்னும் நகர்கிறதா, மேலும் கீழும் மட்டுமா? கிளட்ச் மிதிக்கும் முழங்கால் எதிலும் இடிக்கிறதா? முன் தூண் அகலமாக இருந்து சந்திப்பில் நடப்பவரை மறைக்கிறதா? உடம்பு சரியாகப் பொருந்தாத காரில் எந்த எஞ்சினும் இன்பம் தராது.

ஐந்தாம் படி: எஞ்சினையும் கியரையும் நெரிசலை வைத்து முடிவு செய்யுங்கள்

விளம்பரத்தில் பி.எஸ் எண்ணுக்குப் பக்கத்தில் நியூட்டன் மீட்டர் என்று ஒரு எண் இருக்கும். டார்க் எனப்படும் முறுக்கு விசை அது, காரை இழுப்பது அதுதான். அது எத்தனை ஆர்.பி.எம்மில், அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழலும்போது வருகிறது என்று படியுங்கள். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவின் ஒரு லிட்டர் டர்போ (காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும்) எஞ்சின் 115 பி.எஸ், அதன் 178 நியூட்டன் மீட்டர் 1,750 ஆர்.பி.எம்மிலேயே வந்துவிடும். ஹோண்டா சிட்டியின் ஒன்றரை லிட்டர் 121 பி.எஸ், ஆனால் அதன் 145 நியூட்டன் மீட்டர் 4,300-இல்தான் முழுதாக வரும். மேம்பாலத்தில் ஐந்து பேருடன் ஏறும்போது முதலாவது சிரமப்படாமல் இழுக்கும்.

ஆனால் சிட்டி எஞ்சினுக்கு ஒரு நற்குணம் இருக்கிறது. டர்போ இல்லாததால் மிதித்த அளவுக்குத் தாமதமின்றிப் பதில் சொல்லும். சிறிய டர்போ எஞ்சின்களில் 1,500 ஆர்.பி.எம்முக்குக் கீழே ஒரு சோம்பல் உண்டு. நெரிசலில் இரண்டாம் கியரில் ஊர்ந்து வந்து மிதித்தால் ஒரு நொடி காத்திருந்து பிறகு பாயும். அந்தப் பாய்ச்சல் சிலருக்குப் பிடிக்கும். என் மனைவிக்குப் பிடிக்கவில்லை. இருவரும் ஓட்டும் வீட்டில் இருவருமே ஓட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கியர் விஷயத்தில் என் கருத்து இதுதான். தினம் ஒன்றரை மணி நேரம் நெரிசலில் ஓட்டுபவர் ஆட்டோமேட்டிக் எடுக்கலாம். இடது முழங்கால் வாழ்த்தும். அதில் எண்ணெய் வழியே சக்தியைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வகை நம் ஊருக்கு மிகப் பொருத்தம்: நெரிசலில் மிருதுவாக ஊரும், வெப்பத்தைத் தாங்கும். இரட்டைக் கிளட்ச் வகை திறந்த சாலையில் அபாரம், ஒரு கண் இமைப்பில் கியர் மாறும். ஆனால் நம் விலையில் வரும் பலவற்றில் எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச் இருக்கிறது. மே மாத மதியம் ஓ.எம்.ஆரில் அடி அடியாக நகர்ந்தால் அந்தக் கிளட்ச் சூடாகும். அதில் ஊர்ந்துகொண்டே இருக்காமல், முன்னால் ஒரு கார் நீளம் இடம் விழுந்தபின் நகர்த்தும் பழக்கம் வேண்டும். ஏ.எம்.டி. வகை, அதாவது சாதாரண கியரையே கருவி தானாக மாற்றுவது, விலையில் மலிவு. கியர் மாறும்போது எல்லோரும் தலையாட்டுவார்கள். வயிறு புரளும் ஒருவர் வீட்டில் இருந்தால் ஏ.எம்.டி. வேண்டாம். படிகளே இல்லாமல் கியர் விகிதம் மாறும் சி.வி.டி. மிக மிருது, பின்னால் இருப்பவருக்குச் சுகம். ஆனால் மிதித்தால் சத்தம் முதலில், வேகம் பிறகு. ஓட்டும் ஆசை உள்ளவருக்கு அது ஏமாற்றம் தரும்.

மின்சாரக் கார்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நின்ற இடத்திலிருந்து உடனே இழுக்கும் குணம் நகரத்தில் உண்மையான இன்பம். இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். மிதியிலிருந்து கால் எடுத்ததும் கார் தானாக வேகம் குறைத்து மின்சாரத்தைத் திரும்பச் சேமிக்கும் வசதி அதிக நிலையில் இருந்தால் பின்னால் இருப்பவருக்குக் குமட்டும். குடும்பத்தோடு போகும்போது அதைக் குறைந்த நிலையில் வையுங்கள். இரண்டாவது, தரைக்கடியில் பேட்டரி இருப்பதால் சில கார்களில் பின்தளம் உயர்ந்து, முழங்கால் மேலே தூக்கி நிற்கும். தொடைக்கு இருக்கையின் தாங்கல் இருக்காது. சார்ஜர் பொருத்தக் குடியிருப்போர் சங்கத்தின் சம்மதத்தை முன்பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்குங்கள்.

ஆறாம் படி: பெரிய சக்கரத்துக்கு ஆசைப்படாதீர்கள்

டயரின் பக்கவாட்டில் 205/55 ஆர் 16 என்று இருக்கும். 205 மி.மீ அகலம், அதில் 55 சதவீதம் பக்கச் சுவரின் உயரம், 16 என்பது அங்குலத்தில் சக்கரத்தின் விட்டம். அதாவது ஏறக்குறைய 113 மி.மீ ரப்பர் குழிக்கும் சக்கரத்துக்கும் நடுவில் நிற்கிறது. 205/50 ஆர் 17 என்றால் அது 103 மி.மீ. அந்த ஒரு சென்டிமீட்டர் மழைக்குப் பிந்திய சென்னைச் சாலையில் பெரிய வித்தியாசம் செய்யும். உயர் வேரியன்ட்டின் பளபளக்கும் சக்கரத்துக்காக நடு வேரியன்ட்டை ஒதுக்காதீர்கள். பல கார்களில் நடு வேரியன்ட்தான் நன்றாக ஓடுகிறது.

ஏழாம் படி: மோதல் சோதனையும் குழந்தை இருக்கையும்

நம் நாட்டின் பாரத் என்கேப் சோதனைத் திட்டம் 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பன்னாட்டு அமைப்பான குளோபல் என்கேப்பின் சோதனை மட்டுமே. ஃபோக்ஸ்வாகன் விர்டஸ், ஸ்கோடா ஸ்லாவியா, ஹூண்டாய் வெர்னா ஆகியவை 2023-இல் குளோபல் என்கேப்பில் ஐந்து நட்சத்திரம் பெற்றன. ஸ்கோடா கைலாக், மஹிந்திரா எக்ஸ்.யு.வி. 3எக்ஸ்.ஓ. பாரத் என்கேப்பில் ஐந்து பெற்றன. நட்சத்திரத்தோடு நின்றுவிடாமல் குழந்தைப் பாதுகாப்புக்கு வேறாகத் தரும் மதிப்பெண்ணையும் பாருங்கள். பின் இருக்கை நடுவிலும் தோளைச் சுற்றி வரும் மூன்று முனை பெல்ட் இருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். வயிற்றைச் சுற்றும் பெல்ட் மட்டும் இருந்தால் அந்த இடத்தில் யாரையும் உட்கார வைக்க எனக்கு மனம் வராது.

பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு பெல்ட்டோ குழந்தை இருக்கையோ போடாமல் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டப்படி ஆயிரம் ரூபாய் அபராதம். பாட்டியின் மடியே பாதுகாப்பு என்று நம் வீடுகளில் இன்னும் நினைக்கிறார்கள். மோதும் வேகத்தில் எந்தக் கையாலும் குழந்தையைப் பிடித்துக்கொள்ள முடியாது. இதை மட்டும் அன்போடும் பிடிவாதத்தோடும் வீட்டில் பேசிவிடுங்கள்.

பின்னோக்கி வைக்கும் குழந்தை இருக்கை நிறைய இடம் எடுக்கும். அதை ஷோரூமுக்கே எடுத்துப்போய், குழந்தை இருக்கைக்கென்று பின் இருக்கையில் உள்ள ஐசோஃபிக்ஸ் கொக்கியில் மாட்டி, அதற்கு முன்னால் இருக்கும் இருக்கையில் உங்கள் வீட்டின் உயரமானவரை உட்கார வையுங்கள். முழங்கால் டேஷ்போர்டில் இடித்தால் அந்தக் கார் உங்களுக்குச் சரிவராது.

எட்டாம் படி: பட்டியலை மூன்றாகச் சுருக்குங்கள்

சிறு குடும்பம், நெரிசல் தெரு என்றால் மாருதி ஸ்விஃப்ட், ஹூண்டாய் ஐ20 என்.லைன் பார்க்கலாம். ஸ்விஃப்ட் இலகுவானது, வளைவில் துள்ளும். டிக்கி 265 லிட்டர் மட்டும். ஐ20 என்.லைன் 120 பி.எஸ், ஸ்டீயரிங் கனம், சாதாரண ஐ20-ஐவிட இறுக்கமான சஸ்பென்ஷன். அம்மாவை ஏற்றிப் பார்க்காமல் வாங்காதீர்கள். 2022-இல் குளோபல் என்கேப் சோதனையில், அப்போது இரண்டு ஏர்பேக்குடன் வந்த ஐ20 மூன்று நட்சத்திரமே பெற்றது. இப்போது ஆறு ஏர்பேக் வருகிறது.

நான்கு மீட்டர் நீளத்துக்குள் உயரமான கார் வேண்டும் என்றால் கைலாக், 3எக்ஸ்.ஓ. இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டுங்கள். கைலாக்கில் ஸ்டீயரிங் இனிமை, 3எக்ஸ்.ஓ.வில் பின் இருக்கை அகலம், குழி தெரியாத ஓட்டம்.

என் மனம் செடானுக்கே சாய்கிறது. விர்டஸ், ஸ்லாவியா இரண்டிலும் டிக்கி 521 லிட்டர், தரை இடைவெளி 179 மி.மீ, வெர்னாவில் டிக்கி 528 லிட்டர். எடை தாழ்வாக இருப்பதால் வளைவில் சாய்வு குறைவு, பின்னால் இருப்பவர் நிம்மதியாகத் தூங்குகிறார். ஒன்றரை லிட்டர் டர்போ கொண்ட விர்டஸ் 150 பி.எஸ், டர்போ வெர்னா 160 பி.எஸ், நகரத்துக்கு அவ்வளவு தேவையில்லை, மாதம் ஒருமுறை ஊருக்குப் போகிறவருக்குப் பொருள் உண்டு. செடானில் இருக்கை தாழ்ந்திருப்பதுதான் குறை.

ஒன்பதாம் படி: வீட்டையே அழைத்துப் போய் டெஸ்ட் டிரைவ் செய்யுங்கள்

ஷோரூமில் தரும் டெஸ்ட் டிரைவ் பத்து நிமிடம், நேர்சாலை, சத்தமாகப் பாட்டு. எனக்கும் ஒருமுறை அப்படி நடந்தது: ஒரு ஷோரூமில் விற்பனையாளர் யூ-டர்ன் எடுத்து வந்துவிடச் சொன்னார். வேறு ஷோரூமுக்குப் போய், வாரநாள் காலை பதினொரு மணிக்கு, நாற்பது நிமிடம் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு வாங்கினேன். கேட்டால் தருகிறார்கள்.

போகும் வழியை நீங்கள் தீர்மானியுங்கள். முதலில் உங்கள் தெரு, அதன் வேகத்தடைகள். ஐந்து பேரும் ஏறியிருக்கும்போது அடி தட்டுகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். அடுத்து ஒரு நெரிசலான சந்திப்பு. பிறகு ஒரு மேம்பால வளையம். முடிந்தால் கொஞ்சம் திறந்த சாலை; வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் போகும் வெளிவட்டச் சாலை அருகில் இருந்தால் அதில் ஐந்து நிமிடம். அங்கே பாட்டை அணைத்துவிட்டு டயர் சத்தத்தைக் கேளுங்கள்.

நான் ஒரு சிறு சோதனை செய்வேன். பாதி நிரம்பிய தண்ணீர் பாட்டிலைப் பின் இருக்கையின் நடுக் கோப்பைக் குழியில் வைப்பேன். ஒரே மேம்பால வளையம், ஒரே முப்பது கிலோமீட்டர் வேகம், மூன்று கார்கள். முதலில் ஓட்டிய காரில் தண்ணீர் சாய்ந்து அப்படியே நின்று, வளையம் முடிந்ததும் நேரானது. இன்னொன்றில் வளையம் முழுக்க அலை அடித்துக்கொண்டே இருந்தது. என் மகள் அதைப் பார்த்துவிட்டு, "அப்பா, அந்த முதல் கார்" என்றாள்.

பிறகு இருக்கையை மாற்றுங்கள். நீங்கள் பின்னால் உட்கார்ந்து, மனைவியோ விற்பனையாளரோ ஓட்டட்டும். நான் வாங்கிய முதல் காரில் பின்னால் உட்கார்ந்து ஒரு கிலோமீட்டர்கூடப் போனதில்லை. போயிருந்தால் வாங்கியிருக்க மாட்டேன்.

அம்மாவுக்கான சோதனை வேறு. வீட்டில் அவர் கை ஊன்றாமல் எழும் நாற்காலியின் உயரத்தை அளந்து கொண்டுபோனேன். கார் இருக்கையின் உயரம் அதற்கு அருகில் இருந்தால் முழங்கால் வலிக்காரருக்கு நல்லது. மிகத் தாழ்ந்தால் விழுந்து உட்கார வேண்டும், மிக உயர்ந்தால் ஏற வேண்டும். இன்னொன்று நான் எதிர்பாராதது: சில உயரமான கார்களில் கதவடிப் பட்டி அகலமாக இருக்கிறது. இறங்கும்போது புடவையின் கொசுவம் அந்தப் பட்டியில் உரசும். மழை நாளில் அந்தப் பட்டி முழுக்கச் சேறு. அம்மா மூன்று கார்களில் ஏறி இறங்கி, கொசுவத்தைக் கையில் பிடித்தபடி, கதவின் அடிவிளிம்பு பட்டியையும் சேர்த்து மூடும் காரைக் காட்டி, "இதில் அழுக்கு ஒட்டாது" என்றார். எந்த விமர்சனத்திலும் அதை நான் படித்ததில்லை.

டிக்கிக்கு எண்ணை நம்பாதீர்கள். ஒரு நிறுவனம் மேல் தட்டு வரை அளக்கும், இன்னொன்று கூரை வரை அளக்கும். வீட்டுப் பெட்டிகளையும் குழந்தை வண்டியையும் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். விளிம்பு எவ்வளவு உயரம் என்றும் பாருங்கள். 25 கிலோ அரிசி மூட்டையை அதைத் தாண்டித் தூக்கி வைக்கப்போவது நீங்கள்தான்.

பத்தாம் படி: பழைய கார் எடுப்பதானால்

நன்றாக ஓடும் கார்கள் பல பழைய சந்தையில்தான் பட்ஜெட்டுக்குள் வரும். 2022-இல் நின்றுபோன ஃபோக்ஸ்வாகன் போலோ அதற்கு நல்ல உதாரணம். பின் இருக்கை குறுகல், ஆகவே குழந்தை சிறியதாக இருக்கும் குடும்பத்துக்கு மட்டும். 2023 ஏப்ரலுக்கு முந்திய கார் என்றால் இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்றதா என்று அதன் கையேட்டில் பாருங்கள்.

சென்னையில் பழைய கார் வாங்கும்போது முதல் கேள்வி: தண்ணீரில் நின்றதா? 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் எத்தனையோ கார்கள் மூழ்கின. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் விட்டுவிடுங்கள். ஸ்டெப்னி வைக்கும் குழி, இருக்கைத் தண்டவாளத்தின் திருகுகள் ஆகியவற்றில் துருவைத் தேடுங்கள். தரைவிரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். கழுவி மெருகேற்றினாலும் அந்த வாடை போகாது.

பதினொன்றாம் படி: மழையும் வெயிலும்

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் இரு பக்கமும் கார்கள் வரிசையாக நின்றதை எல்லோரும் பார்த்தோம். நம் ஊரில் காப்பீடு எடுக்கும்போது எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவைச் சேர்ப்பது கட்டாயம் என்றே சொல்வேன். அது இல்லாமல் நீர் புகுந்து கெட்ட எஞ்சினுக்குப் பணம் கிடைப்பது கடினம். நீரில் கார் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் போன நீர் அமுங்காது, உள்ளே பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளையும். அங்கேயே விட்டு, இழுத்துப்போகச் சொல்லுங்கள்.

வெயிலுக்கு, பின்புற ஏ.சி. துவாரம் அவசியம். மதியம் ஒரு மணிக்கு வெயிலில் நின்ற டெஸ்ட் கார் எத்தனை நிமிடத்தில் பின்னால் குளிர்கிறது என்று கைக்கடிகாரத்தை வைத்துப் பார்க்கலாம். வெளிர் நிற உட்புறம், வெள்ளை வெளிப்புறம் எனக்குப் பிடித்தவை. சிறுவர்கள் உள்ள வீட்டில் வெளிர் இருக்கை அழுக்காகும், உறை போட்டுக்கொள்ளலாம்.

பன்னிரண்டாம் படி: எடுக்கும் நாளில்

பதிவு செய்வதற்கு முன் பகல் வெளிச்சத்தில் காரைப் பாருங்கள். தயாரிப்பு மாதம், ஆண்டு. டயரின் பக்கத்தில் நான்கு இலக்கத் தேதி, 2325 என்றால் 2025-இன் 23-ஆம் வாரம். கிடங்கில் நிற்கும் கார்களுக்குக் காற்றை அதிகம் அடித்து வைப்பார்கள். அதே காற்றோடு வீட்டுக்கு வந்தால் "கார் இவ்வளவு குதிக்கிறதே" என்று முதல் நாளே மனம் ஒடியும். ஓட்டுநர் கதவருகே ஒட்டியிருக்கும் அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேருடன் வெளியூர் போகும்போது அதே தாளில் முழுச் சுமைக்கென்று எழுதியிருக்கும் அளவுக்கு ஏற்றுங்கள்.

வேகமாக ஓட்டிப் பார்க்கும் ஆசை வந்தால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தீர்க்காதீர்கள். அங்கே கடலோரக் குப்பத்துக் குழந்தைகள் சாலையைக் கடக்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் பந்தயத் தடம் இருக்கிறது. அங்கே பொதுமக்களுக்கு அனுமதி தரும் நாட்களை விசாரித்துப் போகலாம். குடும்பத்தோடு முதல் பயணத்துக்கு ஏலகிரி போதும். தமிழ்ப் புலவர்களின் பெயர் தாங்கிய பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். இரண்டாம் கியரில், பிரேக்கை வளைவுக்கு முன்பே முடித்துவிட்டு, ஒரே கைத்திருப்பில் ஏறுங்கள். சென்ற ஆண்டு நாங்கள் அப்படி ஏறினோம். உச்சியில் காரை நிறுத்தியபோது அம்மா கண்ணைத் திறந்து, "வந்துவிட்டோமா?" என்று கேட்டார். வழி முழுக்கத் தூங்கியிருந்தார்.